தடையும் கட்டாயமும்: கருத்தடை பற்றிய திருச்சபைத் தீர்மானங்களும் நமது நாட்டின் அனுபவமும்

முன்னுரை

கடந்த நூற்றாண்டில் திருச்சபையின் ஒழுக்கப் போதனைகளுள் மிகப் பெரிய மாறுதலுக்கு உள்ளானவற்றுள் கருத்தடை பற்றிய போதனையும் ஒன்று. 1908ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் பேராயர்கள் லாம்பெத் மாநாட்டில் கூடி, செயற்கை முறைகளால் குடும்பத்தின் அளவைக் குறைப்பது ஒழுக்கத்தைக் கெடுப்பது எனக் கண்டித்தனர். 1930இல் அதே மாநாடு சில வரையறைகளுடன் அதனை அனுமதித்தது. 1958இல் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தீர்மானிக்கும் பொறுப்பை இறைவன் பெற்றோரின் மனச்சாட்சியிடம் ஒப்புவித்திருக்கிறார் என்று அறிவித்தது. ஐம்பதே ஆண்டுகளில் கண்டனம் அனுமதியாகி, அனுமதி பொறுப்பாயிற்று.

இம்மாறுதலை, உலகத்தின் போக்குக்குத் திருச்சபை இணங்கிப் போனதற்குச் சான்றாகச் சிலர் காட்டுவர். அறிவியலின் முன் பழைமை பின்வாங்கியதன் அடையாளம் என வேறு சிலர் மகிழ்வர். இவ்விரு விளக்கங்களும் மேலெழுந்தவாரியானவை என்றே நமக்குத் தோன்றுகிறது. நமது நாட்டில் 1976ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றை லாம்பெத் தீர்மானங்களோடு சேர்த்து வாசிக்கும்போது, இவ்வரலாறு முழுவதிலும் ஒரே கேள்வி ஊடுருவி நிற்பதைக் காண்கிறோம்: பிள்ளையைச் சுமக்கும் பெண்ணின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? இக்கேள்வியைக் கையில் கொண்டு இவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. மரபின் வேர்கள்

மேலைத் திருச்சபையின் திருமண இறையியலுக்கு அடித்தளம் இட்டவர் அகுஸ்தீன். பிள்ளைப்பேறு, உண்மை மாறாமை, பிரிக்கவொண்ணாத அருட்பிணைப்பு என்னும் மூன்று நன்மைகளைத் திருமணத்தில் அவர் கண்டார். அவர் எவரை எதிர்த்து எழுதினார் என்பதை நாம் மறத்தலாகாது. சடப்பொருள் தீயது என்றும், பிள்ளை பெறுவது ஒளியைச் சடத்தில் சிறைப்படுத்துவது என்றும் போதித்த மணிக்கேயரோடு அவர் வாதாடினார். அவரே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அக்கூட்டத்தோடு இருந்தவர். ஆகவே பிள்ளைப்பேற்றை அவர் வலியுறுத்தியது படைப்பு நல்லது என்னும் விசுவாசத்தைக் காப்பதற்காகவும் ஆகும். காலப்போக்கில் அவ்வாதத்தின் சூழல் மறைந்தது. விதி மட்டும் எஞ்சியது.

சீர்திருத்தத் தந்தையர் துறவு திருமணத்தினும் மேலானது என்ற கருத்தை மறுத்தனர். ஆயினும் இப்பொருளில் அவர்கள் பழைய மரபிலிருந்து விலகவில்லை. ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்திலுள்ள ஓனானின் செயலுக்கு விளக்கம் எழுதிய லூத்தரும் கால்வினும் கருவுறுதலைத் தடுக்கும் செயலைக் கடுமையாகவே கண்டித்தனர். நமது முன்னோர் பலரும் இப்பகுதியையே தடைக்கு ஆதாரமாகக் கொண்டனர்.

ஆனால் அவ்வதிகாரம் ஓனானோடு முடிவடைவதில்லை. இறந்த சகோதரனுக்குச் சந்ததி எழுப்பவேண்டிய கடமையை அவன் ஏமாற்றினான். அதனால் அநீதிக்கு உள்ளானவள் தாமார். பின்னர் யூதாவும் அவளுக்குரிய உரிமையை மறுக்கிறான். இறுதியில் அவள் தன்னிலும் நீதியுள்ளவள் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஓனானின் செயலைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் விவாதித்த திருச்சபை, தாமாருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியது. இக்குறை நாம் காணப்போகும் வரலாற்றிலும் தொடர்கிறது.

2. ஒரு குருவானவரின் மனைவி

மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிய அச்சத்தை 1798இல் நூல் வடிவில் வெளியிட்ட மால்தஸ் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். பிற்காலத்தில் கருத்தடை இயக்கத்தினர் அவர் பெயரைத் தாங்கியபோதிலும், அவர் கருத்தடையை ஆதரித்தவரல்லர். காலந்தாழ்த்தி மணம்புரிவதையும் புலனடக்கத்தையுமே பரிந்துரைத்தார்.

கருத்தடை பற்றிய அறிவைப் பொதுமக்களுக்கு வெளிப்படையாகக் கொண்டு சென்றவர்களுள் முக்கியமானவர் ஒரு குருவானவரின் மனைவி. லிங்கன்ஷயர் மாவட்டத்துச் சிப்சி என்னும் ஊரின் குருவாகிய பிராங்க் பெசன்டை மணந்து, விசுவாசத்தை இழந்து, அவரைப் பிரிந்து வாழ்ந்த அன்னி பெசன்டே அவர். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் 1832இல் எழுதிய கருத்தடை நூலை அன்னி பெசன்டும் சார்லஸ் பிராட்லாவும் 1877இல் ஆறு பென்சு விலையில் மீண்டும் அச்சிட்டு விற்றனர். அதற்கு முன் நாற்பது ஆண்டுகளாக இங்கிலாந்தில் அதிக ஆரவாரமின்றி விற்பனையாகி வந்த நூல் அது. ஏழைத் தொழிலாளரும் வாங்கக்கூடிய விலையில் அது வெளிவந்தமை வழக்கில் பேசப்பட்ட செய்திகளுள் ஒன்று என்பது சிந்திக்கத்தக்கது. செல்வர்கள் தம் மருத்துவரிடம் தனிமையில் கேட்டறிந்ததை எளியவர் அச்சில் வாசிப்பது குற்றமாயிற்று.

இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றப்பத்திரிகையில் இருந்த குறைபாட்டினால் 1878இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஆயினும் அதே ஆண்டில் அன்னி பெசன்ட் தம் மகள் மேபலைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையை இழந்தார். அவரது நாத்திகமும் இந்நூல் வெளியீடும் காரணங்களாகக் காட்டப்பட்டன. தாய்மையைப் பற்றிப் பேசியதற்காக ஒரு தாயிடமிருந்து பிள்ளை பிரிக்கப்பட்டதை நாம் எளிதில் கடந்து செல்ல இயலாது. இவரே பின்னாளில் பிரம்மஞான சபையில் சேர்ந்து, கருத்தடை பற்றித் தாம் எழுதிய சிறுநூலைத் திரும்பப் பெற்று, 1893இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார்.

3. லாம்பெத்: 1908 முதல் 1930 வரை

1870களின் இறுதியிலிருந்து இங்கிலாந்தில் பிறப்பு விகிதம் குறையத் தொடங்கியது. பேரரசின் வலிமை மக்களின் எண்ணிக்கையில் இருப்பதாகக் கருதிய காலம் அது. 1908ஆம் ஆண்டின் தீர்மானத்தில் இக்கவலை வெளிப்படையாகவே காணப்படுகிறது. கருத்தடை தனிமனிதரின் ஒழுக்கத்தைக் கெடுப்பது என்பதோடு, நாட்டின் நலனுக்கு விரோதமானது என்றும் பேராயர்கள் கூறினர். நாட்டின் நலன் என்ற இச்சொற்களை நாம் நினைவில் இருத்துவோம். வேறொரு நாட்டில், வேறொரு நோக்கத்துடன் அவை மீண்டும் ஒலிக்கும்.

முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் கூடிய மாநாடும் அதே எச்சரிக்கையை விடுத்தது. அம்மாநாட்டின் பேராயர்களை நோக்கி மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் கருத்தடைக்கு ஆதரவாக ஒரு செய்தியை எழுதி அனுப்பினார். பேராயர்கள் அதற்குச் செவிகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் இலண்டனில் கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். அமெரிக்காவில் மார்கரெட் சாங்கர் 1916இல் புரூக்ளினில் திறந்த நிலையம் பத்து நாட்களில் மூடப்பட்டு, அவர் முப்பது நாள் சிறைவாசம் அனுபவித்திருந்தார்.

இவ்வியக்கத்தினரை மாசற்ற வீரர்களாகச் சித்திரிப்பதும் வரலாற்றுக்கு நேர்மையன்று. ஸ்டோப்ஸ், சாங்கர் இருவருமே, தகுதியற்றோர் எனத் தாம் கருதியவர்கள் பிள்ளை பெறலாகாது என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையின் சாயலுக்கு உட்பட்டவர்கள். திருச்சபையும் இதற்கு விலக்கல்ல. புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாயிருந்த இங் அக்கொள்கையைப் பகிரங்கமாக ஆதரித்தார். பெண்ணின் விடுதலைக்கான கோரிக்கையும், பெண்ணைக் கணக்கிட்டுத் தரம் பிரிக்கும் சிந்தனையும் ஒரே இயக்கத்துக்குள் அருகருகே வளர்ந்தன.

1930இல் கேன்டர்பரி பேராயர் காஸ்மோ லாங் தலைமையில் மாநாடு மீண்டும் கூடிற்று. இம்முறை பேராயர்கள் ஒரு பெண் மருத்துவரின் கருத்தைக் கேட்டனர். சீனாவில் மருத்துவ மிஷனரியாகப் பணியாற்றித் திரும்பி, இலண்டனில் ஏழைத் தாய்மாரிடையே உழைத்துவந்த ஹெலனா ரைட் என்பவரே அவர். அவ்வாண்டில் நிறைவேறிய 15ஆம் தீர்மானம் 193 வாக்குகள் ஆதரவாகவும் 67 வாக்குகள் எதிராகவும் பெற்றது. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தவோ தவிர்க்கவோ வேண்டிய ஒழுக்கக் கடமை தெளிவாக உணரப்படுமாயின், முழு விலக்கமே அதற்கு முதன்மையான வழி என்றும், முழு விலக்கத்தைத் தவிர்ப்பதற்கு ஒழுக்கநெறிப்பட்ட காரணம் இருக்குமாயின் கிறிஸ்தவக் கோட்பாடுகளுக்கு உட்பட்டுப் பிற முறைகளைக் கையாளலாம் என்றும் அது கூறியது. தன்னலத்துக்காகவும் சுகபோகத்துக்காகவும் வெறும் வசதிக்காகவும் கருத்தடையைக் கையாளுவதை அது கண்டித்தது. கருச்சிதைவைத் தனித் தீர்மானத்தால் வெறுத்து ஒதுக்கியது.

இத்தீர்மானத்துக்கு எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. ஆக்ஸ்போர்டின் முன்னாள் பேராயரும் புகழ்பெற்ற இறையியலாருமான சார்லஸ் கோர் அதனை எதிர்த்து எழுதினார். அவ்வாண்டின் கடைசி நாளன்று போப்பு பதினோராம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல் கருத்தடையை முற்றிலும் விலக்கியது. அன்று முதல் மேலைக் கிறிஸ்தவம் இப்பொருளில் இரு பாதைகளாயிற்று.

இத்தீர்மானத்தின் சிறப்பும் குறையும் ஒன்றில்தான் உள்ளன. முறை தகுமா என்ற கேள்விக்கு அது விடை கூறியது. கணவனும் மனைவியும் கருத்து வேறுபட்டால் யார் சொல் நிற்கும் என்ற கேள்வியை அது எழுப்பவில்லை.

4. மனச்சாட்சியின் இடம்

அக்குறையை ஓரளவு நிறைவு செய்தது 1958ஆம் ஆண்டின் 115ஆம் தீர்மானம். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றிய பொறுப்பைப் பெற்றோரின் மனச்சாட்சியிடம் ஒப்படைத்ததோடு, குடும்பத் திட்டம் கணவன் மனைவி இருவருக்கும் ஏற்புடைய வழிகளில் அமைய வேண்டும் என்றும் அது கூறியது. குடும்பத்தின் வளத்தையும் சமுதாயத்தின் தேவையையும் வருங்காலத் தலைமுறையின் உரிமையையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆயினும் எண்ணிப்பார்ப்பவர் பெற்றோரே, அரசுமன்று, திருச்சபையுமன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் பவுல் கணவனுக்கு மனைவியின் சரீரத்தின்மேல் அதிகாரம் உண்டு என்று கூறியதோடு நிற்காமல், மனைவிக்கும் கணவனுடைய சரீரத்தின்மேல் அதே அதிகாரம் உண்டு என்றும், இருவரின் சம்மதமும் வேண்டும் என்றும் எழுதியதன் தொலைதூர எதிரொலியை இத்தீர்மானத்தில் நாம் கேட்கலாம்.

1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. கருத்தடை பற்றி ஆராயப் போப்பு நியமித்த குழுவின் பெரும்பான்மையோர் மாற்றத்தைப் பரிந்துரைத்தபோதிலும், 1968 ஜூலையில் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் பழைய தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டு கூடிய லாம்பெத் மாநாடு போப்பின் முடிவை ஏற்க இயலவில்லை எனப் பணிவுடன் அறிவித்து, 1958ஆம் ஆண்டின் நிலையை மீண்டும் வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே டெஹரானில் கூடிய உலக மனித உரிமை மாநாடும், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தடையின்றியும் பொறுப்புடனும் தீர்மானிப்பது பெற்றோரின் அடிப்படை உரிமை என அறிவித்தது.

5. இந்திய மண்ணில்

நமது நாட்டில் இவ்விவாதம் லாம்பெத்துக்காகக் காத்திருக்கவில்லை. பம்பாயில் இரகுநாத் கார்வே 1921இல் ஆலோசனை நிலையம் தொடங்கினார். அவர் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிய வில்சன் கல்லூரி ஒரு மிஷனரி நிறுவனம்; தம் கருத்துகளை வெளிப்படையாகப் பேசியதால் அப்பதவியை அவர் விட்டு விலக நேர்ந்தது. சென்னையில் உயர்நீதிமன்ற நீதிபதி வேபா இராமேசம் போன்றோர் ஒரு சங்கம் அமைத்துக் கர்ப்பத்தடையைப் பரப்பினர். பேராயர்கள் லாம்பெத்தில் கூடிய அதே 1930இல் மைசூர் சமஸ்தான அரசு தன் மருத்துவமனைகளில் இத்தகைய நிலையங்களைத் திறக்க ஆணையிட்டது.

சென்னைச் சங்கத்தினர் பெரும்பாலும் மக்கள்தொகை, வறுமை, உடல்நலம் ஆகியவற்றை முன்னிறுத்தினர். தந்தை பெரியார் வேறொரு காரணத்தை முன்வைத்தார். பிறர் கர்ப்பத்தடையை நாட்டின் செல்வத்துக்காகவும் பெண்களின் உடல்நலத்துக்காகவும் வேண்டுகின்றனர் என்றும், தாமோ பெண்கள் விடுதலை அடைவதற்காகவே அதனை வேண்டுவதாகவும் அவர் தெளிவாக வேறுபடுத்தி எழுதினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் அக்கருத்தைக் காணலாம். சமயத்தைக் குறித்த அவரது முடிவுகளை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் பேராயர்களும் பொருளியலாரும் எழுப்பாத கேள்வியை அவர் எழுப்பினார் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

1935ஆம் ஆண்டின் இறுதியில் மார்கரெட் சாங்கர் இந்தியாவுக்கு வந்து வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். செயற்கை முறைகளைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். ஆயினும் கணவனின் விருப்பத்தை மறுத்து நிற்க மனைவிக்கு உரிமை உண்டு என்பதை அவர் வற்புறுத்தினார். முறையைப் பற்றி மாறுபட்ட இருவரும், பெண்ணின் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்பதில் ஒருவரை ஒருவர் நெருங்கினர். பின்னர் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டில் சாங்கர் உரையாற்றினார். மாதர் மாநாடு கர்ப்பத்தடைக்கு ஆதரவான தீர்மானத்தை நிறைவேற்றிற்று.

விடுதலைக்குப் பின் முதல் சுகாதார அமைச்சராயிருந்த ராஜகுமாரி அம்ரித் கௌர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், காந்தியடிகளின் சீடர். மாதவிடாய்ச் சுழற்சியைக் கணக்கிட்டு விலகியிருக்கும் முறையையே அவர் விரும்பினார். நாட்களை எண்ணுவதற்கு வண்ணமணிகள் கோத்த மாலைகளும் பெண்களுக்கு வழங்கப்பட்டன. 1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டின் அதிகாரபூர்வத் திட்டமாக ஏற்றது. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு இதுவே. கிறிஸ்தவ மருத்துவமனைகள் பலவும் இப்பணியில் பங்கேற்றன.

நாளடைவில் திட்டத்தின் நோக்கம் மாறியது. தாயின் தேவையைக் கேட்டறிவதற்குப் பதிலாக, அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை அதன் அளவுகோலாயிற்று. சென்னை மாநிலம் 1950களின் பிற்பகுதியிலேயே கருத்தடை அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்குச் சிறு தொகை வழங்கத் தொடங்கியது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. உதவியாகத் தொடங்கியது இலக்காக மாறிக்கொண்டிருந்தது.

6. 1976: அனுமதி கட்டாயமானபோது

1975 ஜூன் 25 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1976 ஏப்ரலில் புதிய மக்கள்தொகைக் கொள்கை வெளியாயிற்று. மகாராஷ்டிரச் சட்டமன்றம் கட்டாயக் கருத்தடைக்கு மசோதாவே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. வட மாநிலங்களில் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் ஆள் பிடிக்க இலக்குகள் விதிக்கப்பட்டன. இலக்கை எட்டாதவரின் ஊதியம் நிறுத்தப்பட்டது. 1976–77 ஆண்டில் ஏறத்தாழ 83 இலட்சம் அறுவைகள் நடைபெற்றன; அவற்றுள் ஏறத்தாழ 62 இலட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அறுவையைத் தொடர்ந்து நேர்ந்த 1,774 மரணங்களை ஷா ஆணையம் பதிவுசெய்தது.

1908இல் நாட்டின் நலன் கருதிக் கருத்தடை விலக்கப்பட்டது. 1976இல் நாட்டின் நலன் கருதியே அது திணிக்கப்பட்டது. முடிவுகள் எதிரெதிரானவை, ஆனால் இரண்டிலும் மனித உடல் நாட்டின் கணக்கேட்டில் ஓர் எண்ணாகவே எழுதப்பட்டது. 1958ஆம் ஆண்டின் மனச்சாட்சிக் கோட்பாட்டைக் கையில் வைத்திருந்த திருச்சபைகள் அதனை உரக்கச் சொல்லவேண்டிய வேளை அதுவே. எம். எம். தாமஸ், மார்த்தோமா சபையின் யுகானோன் மெத்ராப்பொலித்தா ஆகியோர் அவசரநிலையை எதிர்த்துத் துணிவுடன் பேசினர். அவர்களைப் போன்றோர் சிலரே. அறுவைக் கத்தியை அனுமதித்த திருச்சபை, அக்கத்தி பலவந்தமாகப் பிடிக்கப்பட்டபோது பேசும் மொழியை இன்னும் கற்றிருக்கவில்லை.

1977க்குப் பின் திட்டம் குடும்ப நலம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆண்களின் சினத்துக்கு அஞ்சிய அரசு பெண்களின் பக்கம் திரும்பிற்று. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவையைச் சார்ந்திருப்போர் 0.3 விழுக்காட்டினரே. ஆணுக்கான அறுவை எளியது என்பதை மருத்துவம் அறியும். ஆயினும் சுமை பெண்ணின்மேல் வைக்கப்பட்டுள்ளது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை செய்யப்பட்டது. அந்நாட்களில் அம்மாவட்டத்து முகாம்களில் அறுவைக்கு உட்பட்ட பெண்களுள் பதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு ஆணையிட்டது. அதற்கு முன்பே 2009இல், பிள்ளை பெறுவதையும் பெறாதிருப்பதையும் பற்றிய பெண்ணின் தெரிவு அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித விடுதலையின் பகுதி என அந்நீதிமன்றம் கூறியிருந்தது.

முடிவுரை

கருச்சிதைவு பற்றிய விவாதம் இதனோடு தொடர்புடையதாயினும், கருவிலுள்ள உயிரைப் பற்றிய வேறு கேள்விகளையும் எழுப்புவது; 1971ஆம் ஆண்டின் சட்டத்தையும் 2021ஆம் ஆண்டின் திருத்தத்தையும் கொண்டு அதனைத் தனியே ஆராய்தல் வேண்டும். கருத்தடையைப் பொறுத்தவரை, இவ்வரலாறு அருட்பணியாளராகிய நமக்கு மூன்று பாடங்களைத் தருகிறது.

முதலாவது, அனுமதி மட்டும் விடுதலையாகிவிடாது. நோக்கம் எதுவாயினும், சம்மதம் கேளாமல் செய்யப்படுவது அநீதியே. தடையை எதிர்த்து நிற்க எந்தக் கோட்பாடு நமக்கு உதவுகிறதோ, அதுவே கட்டாயத்தையும் எதிர்த்து நிற்க வைக்கவேண்டும்.

இரண்டாவது, மனச்சாட்சி தானாகவே உருவாவதில்லை. அறிவு இல்லாதவிடத்துத் தெரிவும் இல்லை. திருமணத்துக்கு முன் மணமக்களுக்கு நாம் அளிக்கும் போதனையில் இப்பொருளைக் கூச்சத்தால் தவிர்ப்போமாயின், கணவனின் விருப்பமும் மாமியாரின் சொல்லும் முகாமின் இலக்கும் அவ்விடத்தை நிரப்பிவிடும். எல்லா முறைகளையும் பற்றிய தெளிவான அறிவு, குறிப்பாக ஆணுக்குரிய பொறுப்பு, அப்போதனையில் இடம்பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, பெற்றோரின் மனச்சாட்சி என்று கூறும்போது அது வழக்கத்தில் கணவனின் மனச்சாட்சியாகச் சுருங்கிவிடுகிறது. நமது சபைகளில் ஐந்தாம் பிள்ளையைச் சுமக்க அஞ்சும் பெண்ணும் இருக்கிறார். ஒரு பிள்ளைக்குப் பின் அறுவைக்கு வற்புறுத்தப்படும் பெண்ணும் இருக்கிறார். பிள்ளையில்லாமையால் தூற்றப்படும் பெண்ணும் இருக்கிறார். மூவருக்கும் ஒரே விதியை வாசித்துக் காட்டுவது ஆயரின் பணியன்று. ஒவ்வொருவரையும் தனித்து அமர்ந்து கேட்பதே அப்பணியின் தொடக்கம்.

யூதாவின் வீட்டில் எல்லாரும் தாமாரைப் பற்றித் தீர்மானித்தனர். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. இறுதியில் நீதி அவள் பக்கம் இருந்தது என்று திருமறை சாட்சியிடுகிறது. மத்தேயு எழுதிய வம்ச அட்டவணையில் அவள் பெயரும் இடம்பெற்றுள்ளது. அவளைக் கேளாமல் இனி எதுவும் தீர்மானியோம் என்று உறுதிகொள்வது, இவ்வரலாற்றைக் கற்ற நமக்குத் தகும்.